500 வாட் ஸ்டிக்கரும் 180 வோல்ட் கரண்டும்: வன்னியில் எந்தப் பவர் சப்ளை எடுப்பது?

விசுவமடுவில் எங்கள் ஸ்டூடியோ இருக்கும் வரிசையில் நாலு கடை தள்ளி ஒரு அரிசி மில் இருக்கிறது. ஆவணியில் சிறுபோக நெல் வந்து இறங்கத் தொடங்கினால் அது இருட்டும் வரை ஓயாது. மில் மோட்டரைப் போடும் நேரம் கடை பல்ப் ஒருக்கா மங்கும், ஃபேன் சோம்பும், அதோடு என் கொம்பியூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகும். முதலில் விண்டோஸ் பிழை என்று நினைத்துத் திரும்பப் போட்டேன், பிறகு ராமைக் கழற்றித் துடைத்துப் போட்டேன், பிறகு ஆன்டிவைரஸைத் திட்டினேன். கடைசியில் ஒரு சாமத்திய வீட்டு வீடியோ ரெண்டராகிக்கொண்டு 83 வீதத்தில் நிற்கும்போது மேசைக்குக் கீழே 'டப்' என்றொரு சத்தம், கருகின மணம், அவ்வளவுதான்.

செத்தது பவர் சப்ளை, சுவர்க் கரண்டைக் கொம்பியூட்டருக்கு ஏற்ற மாதிரி மாற்றிக் கொடுக்கும் பெட்டி. கேசிங் வாங்கும்போது உள்ளே பூட்டியே வந்த பெட்டி, மேலே பெரிய எழுத்தில் 500 வாட்ஸ் என்று போட்டிருந்தது. மதர்போர்டும் கிராபிக்ஸ் கார்டும் தப்பியது முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தான் உடைத்த தேங்காயால்தான் என்று அம்மா சொல்கிறார், இருக்கலாம். புதிதாக எதை வாங்குவது என்று இரண்டு கிழமை மண்டையை உடைத்தேன், அதைத்தான் இங்கே எழுதுகிறேன். எனக்கு முன்னால் கிடந்த வழிகள் நாலு: அதே மாதிரி இன்னொரு மலிவுப் பெட்டி, ஆபீஸ் கொம்பியூட்டரிலிருந்து கழற்றிய பாவித்த பெட்டி, புது 550 வாட் பிரோன்ஸ், இல்லையென்றால் கூடக் காசு போட்டு 750 வாட் கோல்ட் (பிரோன்ஸ், கோல்ட் என்பவை கரண்டை எவ்வளவு வீணாக்காமல் கொடுக்கிறது என்பதற்கான சான்றிதழ்ப் படிகள், பிறகு வருகிறேன்). இதைப்பற்றி யூடியூப்பில் ஆயிரம் வீடியோ இருக்கிறது, ஆனால் அவற்றைச் செய்கிற பெரும்பாலான ஆக்களின் வீட்டுச் சுவரில் எந்த நேரமும் ஒரே அளவு கரண்ட் வருகிறது. எங்கள் சுவரில் அப்படி வருவதில்லை. கணக்கு மாறுவது அந்த இடத்தில்தான்.

எத்தனை வாட் வேண்டும் என்பதை முதலில் முடித்துவிடுவோம், அது லேசான பகுதி. என்னுடைய பிராசஸர் ஐ5 12400, அதன் உச்சம் 117 வாட் என்று இன்டெல் சொல்கிறது. இப்போது இருக்கும் கார்ட் ஜிடிஎக்ஸ் 1650, அது 75 வாட், மதர்போர்டிலிருந்தே எடுத்துக்கொள்ளும், தனி வயர் தேவையில்லை. அடுத்த வருடம் கலியாண சீசனுக்கு முதல் ஆர்டிஎக்ஸ் 3060 எடுக்கும் யோசனை இருக்கிறது, அது 170. போர்ட், ராம், எஸ்எஸ்டி, இரண்டு ஹார்ட் டிஸ்க், ஃபேன்கள் எல்லாம் சேர்த்து ஒரு 50 என்று வைத்தால் 337 வருகிறது. எல்லாம் ஒரே நேரத்தில் உச்சிக்குப் போவது அருமை. அப்படியிருந்தும் 3060க்கு 550 வாட் பெட்டி போடச் சொல்லி என்விடியாவே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: இந்தக் கார்டுகள் கண் இமைப்பதிலும் எத்தனையோ மடங்கு குறைந்த நேரத்துக்குத் திடீரென்று தங்கள் அளவைவிட மிகக் கூடுதலாக இழுக்கும், சாதாரண மீட்டரில் அது தெரியவே தெரியாது, ஆனால் பலவீனமான பெட்டி அதில் தடுக்கி விழும். இந்தத் திடீர் இழுவையைச் சமாளிப்பதற்கென்றே 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 என்ற, பவர் சப்ளைகளுக்கான பொது விதியில் தனியாக ஒரு பகுதி சேர்த்தார்கள். சரி, எனக்கு 550 போதும். கார்டே இல்லாமல் கடிதம் அடிக்கவும் பிள்ளைகள் ஒன்லைன் வகுப்புப் பார்க்கவும்தான் கொம்பியூட்டர் என்றால் 300 வாட்டே மிச்சம், அதற்கு மேல் யார் சொன்னாலும் கேட்க வேண்டாம்.

ஆனால் அந்த 300, 550 எல்லாம் உண்மையான வாட்டாக இருக்க வேண்டும். செத்த பெட்டியின் பக்கவாட்டில் இருந்த ஸ்டிக்கரை அன்றைக்குத்தான் முதன்முதலாக வடிவாக வாசித்தேன். 12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே 14 அம்பியர் என்று இருந்தது. பன்னிரண்டைப் பதினாலால் பெருக்கினால் 168. இன்றைய கொம்பியூட்டரில் பிராசஸரும் கார்டும் சாப்பிடுவது முழுக்க அந்த 12 வோல்ட்டிலிருந்துதான், 3.3உம் 5உம் சில்லறைச் செலவு. அதாவது 500 என்று எழுதிய பெட்டியால் எனக்குப் பயன்படக்கூடியது 168, மிச்சத்தில் பாதி பழைய காலத்துக் கொம்பியூட்டருக்கு உதவும், மற்றப் பாதி அச்சடித்தவரின் கற்பனை. என் பிராசஸரும் 1650உம் மட்டுமே சேர்ந்து 192 வரை போகும். ஆகவே மில்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, அந்தப் பெட்டி முதல் நாளிலிருந்தே மூச்சு வாங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நல்ல 550 வாட் பெட்டியில் 12 வோல்ட்டில் மட்டும் 500 வாட்டுக்கு மேல் வரும். கடையில் பெட்டியின் முன்பக்கத்தைப் பார்க்க வேண்டாம், பக்கவாட்டைத் திருப்பி இந்தப் பெருக்கலை ஒருக்கா போட்டுப் பாருங்கள், அரைவாசிப் பெட்டிகள் அந்த இடத்திலேயே கழிந்துவிடும்.

இனிச் சுவருக்கு வருவோம். இலங்கையில் வீட்டுக்கு வரவேண்டியது 230 வோல்ட், அதில் ஆறு வீதம் கூடக் குறைய இருக்கலாம், அதாவது 216இலிருந்து 244க்குள். பிளக்கில் குத்தி வைக்கும் சின்ன வோல்ட் மீட்டர் ஒன்று வாங்கிச் சுவரில் போட்டு ஒரு கிழமை பார்த்தேன். காலையில் 231, 228. பின்னேரம் மில்லும் தோட்டத்துத் தண்ணீர் மோட்டர்களும் வெல்டிங் கடையும் சேர்ந்து ஓடும்போது 190க்கு வரும், ஒருநாள் 178. நாங்கள் ட்ரான்ஸ்போமரிலிருந்து தூரத்து வயரில் கடைசிப் பக்கம் இருக்கிறோம், கிட்ட இருப்பவர்களுக்கு இவ்வளவு மோசமில்லை. இரவு பத்துக்குப் பிறகு எல்லாரும் படுத்த பின் 240ஐத் தாண்டிப் போன நாளும் உண்டு.

இது பவர் சப்ளைக்கு என்ன செய்கிறது என்று விளங்கிக்கொள்ள எனக்கு அப்பாவின் டைனமோதான் உதவியது. சண்டைக் காலத்தில், கரண்ட் கம்பமே இல்லாத அந்த வருடங்களில், பற்றரியும் தடை, அதனால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றி டைனமோவில் ரேடியோ கேட்பார்கள். சுற்றுகிற கை தளர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரல் உள்ளே போய்விடும். அப்பா அதில் ஒரு பெரிய கப்பாசிட்டரை ஒட்டியிருந்தாராம், கை மாற்றுகிற அந்த ஒரு நொடிக்குக் குரல் அறாமல் இருப்பதற்காக. கொம்பியூட்டர் பவர் சப்ளைக்குள்ளும் இதே வேலைதான் நடக்கிறது. உள்ளே ஒரு பெரிய கப்பாசிட்டர் இருக்கும், சுவரில் கரண்ட் தடுமாறும் சின்ன இடைவெளியை அது தன் இருப்பிலிருந்து நிரப்பும். ஏடிஎக்ஸ் விதிப்படி அந்தத் தாக்குப்பிடிக்கும் நேரம் ஏறத்தாழ 16, 17 மில்லி செக்கன். எங்கள் 50 ஹேர்ட்ஸ் கரண்டின் ஒரு சுற்றுக்கே 20 மில்லி செக்கன் ஆகும், ஆக நல்ல பெட்டி என்றாலும் ஒரு சுற்றுக்கும் குறைவாகத்தான் தாங்குகிறது. இருப்பு முடிந்தால் 'கரண்ட் சரி' என்று போர்டுக்குப் போய்க்கொண்டிருக்கும் சைகை அறும், போர்ட் உடனே ரீஸ்டார்ட். எனக்கு மாதக்கணக்காக நடந்தது இதுதான்.

மலிவுப் பெட்டிக்கும் நல்ல பெட்டிக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. மலிவுப் பெட்டியில் அந்தக் கப்பாசிட்டர் சுவரில் வருவதைப் பொறுத்தே நிரம்பும். அதில் இருக்கும் சக்தி வோல்ட்டின் வர்க்கத்தின்படி போகும், எனவே 230க்குப் பதில் 180 வந்தால் இருப்பு ஐந்தில் மூன்று பங்காகிவிடும், அதிலும் பாவிக்கக்கூடிய பங்கு இன்னும் குறைவு. அதாவது தடுமாற்றம் அதிகமாக வரும் அதே பின்னேரத்தில்தான் அதன் கையிருப்பு ஆகக் குறைவாக இருக்கும். மழைக்கு வாங்கிய குடை மழையில் விரியாத மாதிரி. ஆக்டிவ் பிஎஃப்சி என்ற சுற்று உள்ளே இருக்கும் பெட்டியில் கதை வேறு: சுவரில் 180 வந்தாலும் 240 வந்தாலும் அது உள்ளே உயர்த்தி, கப்பாசிட்டரை 380, 400 வோல்ட் அளவில் ஒரே மாதிரி நிரப்பி வைத்திருக்கும். ஸ்டிக்கரில் இன்புட் 100–240 வோல்ட் என்று முழு வீச்சும் போட்டிருந்தால் பெரும்பாலும் இது உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். 200–240 என்று மட்டும் போட்டிருந்தால் பின்னேரம் எங்கள் கரண்ட் அதன் கணக்குக்கே வெளியே. பின்பக்கம் 115, 230 என்று மாற்றும் சிவப்புச் சுவிட்ச் இருந்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள், அது பழைய வடிவமைப்பு, வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஒருநாள் அதை 115க்குத் தள்ளும், பிறகு என்ன நடக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

ஆக வழி ஒன்று, இன்னொரு மலிவுப் பெட்டி, எனக்கு இந்த இடத்திலேயே அடிபட்டுப் போனது. கடைக்கார அண்ணை விடவில்லை. "தம்பி, இதுவும் ஐந்நூறு அதுவும் ஐந்நூறு, உமக்கு என்னத்துக்கு அந்த விலை?" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லி விற்றிருக்கிறார்கள். கிராபிக்ஸ் கார்ட் இல்லாத பழைய கொம்பியூட்டரில், ட்ரான்ஸ்போமருக்குப் பக்கத்து வீட்டில், அது நாலைந்து வருடம் ஓடவும் கூடும். என் நிலைமையில் ஓடாது.

வழி இரண்டைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தேன், ஏனென்றால் அதில் உண்மையிலேயே நல்ல சாமான் இருக்கிறது. வெளிநாட்டு ஆபீஸ்களிலிருந்து கழித்துக் கொண்டுவரும் டெல், எச்பி கொம்பியூட்டர்களுக்குள் இருக்கும் பெட்டியில் 240, 290 வாட் என்றுதான் எழுதியிருக்கும், ஆனால் எழுதியதை அப்படியே தரும். டெல்டா, லைட்ஒன் போன்ற கம்பனிகள் செய்தவை அவை, உள்ளே வேலை சுத்தம். சிக்கல் வயரில் வரும். சாதாரண போர்டுக்கு 24 பின் வயர் வேண்டும், இந்த ஆபீஸ் பெட்டிகள் பலதில் டெல்லுக்கு 8 பின், எச்பிக்கு 6 பின் என்று அவரவர் சொந்த வயர். மாற்று வயர் கிடைக்கும், ஆனால் அதற்குப் பிறகும் கிராபிக்ஸ் கார்டுக்கு வயர் இருக்காது, இருந்தாலும் 290 வாட்டில் 3060 ஓடாது. அதே டெல் கொம்பியூட்டருக்குள் அதே பெட்டி செத்தால் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு பாவித்ததையே எடுங்கள், மலிவும் அதுதான் பொருத்தமும் அதுதான். எங்கள் கடையில் போட்டோகொப்பி பக்கம் இருக்கும் கொம்பியூட்டர் அப்படித்தான் ஓடுகிறது.

பாவித்ததில் இன்னொரு வகையும் உண்டு. மச்சான் ஒருவன் வவுனியாவிலிருந்து ஒரு 750 வாட் கோல்ட் பெட்டியின் படம் அனுப்பி, பிரோன்ஸ் விலைக்கே தருகிறார்கள் என்றான். கேட்டுப் பார்த்தால் கிரிப்டோ மைனிங் செய்த பெட்டி. 2022 செப்டெம்பரில் எதீரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றியதோடு கிராபிக்ஸ் கார்டில் அதை மைன் பண்ணும் தொழில் படுத்துவிட்டது, அதற்குப் பிறகு இப்படிச் சாமான் சந்தையில் நிறைய வந்தது. நல்ல பெட்டிதான், ஆனால் இரவு பகலாக ஓடிய பெட்டி, ஃபேனும் கப்பாசிட்டரும் எவ்வளவு மிச்சம் வைத்திருக்கின்றன என்று வெளியே இருந்து சொல்ல முடியாது, வாரண்டியும் இல்லை. பாவித்த கார் வாங்குகிறவர் எஞ்சினைப் போட்டுச் சத்தம் கேட்பார், பவர் சப்ளையில் அப்படி ஒன்று இல்லை. பச்சை வயரையும் கறுப்பு வயரையும் கம்பியால் தொட்டு ஃபேன் சுற்றுகிறதா என்று பார்க்கும் அந்த வித்தை, அது உயிரோடு இருக்கிறதா என்று மட்டுமே சொல்லும். மூடியைக் கழற்றிப் பார்க்கிறேன் என்று யாராவது கிளம்பினால் தடுத்துவிடுங்கள், பிளக்கைக் கழற்றிய பிறகும் அந்தப் பெரிய கப்பாசிட்டரில் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம்.

மிஞ்சியது பிரோன்ஸா கோல்டா. 80 பிளஸ் என்பது 2004இல் தொடங்கிய ஒரு சான்றிதழ். சுவரிலிருந்து எடுக்கும் கரண்டில் எத்தனை வீதத்தைப் பெட்டி கொம்பியூட்டருக்குக் கொடுக்கிறது, எத்தனையைச் சூடாக வீணாக்குகிறது என்பதைத்தான் அது அளக்கிறது. வெள்ளை, பிரோன்ஸ், சில்வர், கோல்ட், பிளாட்டினம், டைட்டேனியம் என்று படி ஏறும். அந்தச் சோதனையை 23 பாகை சூட்டில் வைத்துச் செய்கிறார்கள், எங்கள் கடை விடியப்புறம் நாலு மணிக்குக்கூட அந்த அளவுக்குக் குளிராது. அதைவிட முக்கியம், வோல்ட் ஏறினால் பெட்டி தன்னை நிறுத்துமா, ஷோர்ட் ஆனால் போர்டைக் காப்பாற்றுமா, 12 வோல்ட் எவ்வளவு நடுங்காமல் வருகிறது என்பதெல்லாம் அந்தச் சான்றிதழில் இல்லை. நிறத்தைப் பார்த்துத் தரத்தைச் சொல்வது நெல்லின் நிறத்தைப் பார்த்துச் சோற்றின் ருசியைச் சொல்வது போல. 2021இல் ஒரு பெரிய கம்பனி தன் 750, 850 வாட் கோல்ட் பெட்டிகளில் சில வெடிக்கின்றன என்று பேச்சு வந்து மாற்றிக் கொடுக்க வேண்டி வந்தது. நிறம் கோல்ட்தான்.

மின்சார பில்லில் மிச்சம் வரும் என்று கோல்டை விற்பார்கள், அதையும் போட்டுப் பார்த்தேன். என் கொம்பியூட்டர் சராசரியாக 150 வாட் எடுத்து ஒரு நாளைக்கு ஆறு மணித்தியாலம் ஓடுகிறது என்று வைப்போம். 85 வீதம் கொடுக்கும் பெட்டி சுவரிலிருந்து 176 வாட் எடுக்கும், 90 வீதம் கொடுக்கும் பெட்டி 167. வித்தியாசம் பத்து வாட்டும் இல்லை, மாதம் முழுக்கச் சேர்த்தாலும் இரண்டு யூனிட் வராது. கடை வாசல் பல்பை இரவில் அணைத்தால் இதைவிடக் கூட மிஞ்சும்.

கோல்டுக்காகப் பேசக்கூடிய உண்மையான காரணம் வாரண்டி. கம்பனி எத்தனை வருடம் பொறுப்பெடுக்கத் துணிகிறது என்பது உள்ளே என்ன போட்டிருக்கிறார்கள் என்பதற்கு நிறத்தைவிட நல்ல சாட்சி. கோர்செயரையே எடுங்கள், சிவி வரிசையும் பிரோன்ஸ், சிஎக்ஸ் வரிசையும் பிரோன்ஸ், ஆனால் சிவிக்கு 3 வருடம், சிஎக்ஸுக்கு 5. ஸ்டிக்கரில் ஒரே நிறம், கம்பனியின் நம்பிக்கையில் இரண்டு வருட வித்தியாசம். சீசொனிக்கின் ஃபோகஸ் ஜிஎக்ஸ் போன்ற கோல்ட் பெட்டிகளுக்கு 10 வருடம் வரை போகிறது. நாலு வருடத்துக்கு ஒருக்கா போர்டையும் கார்டையும் மாற்றி, பெட்டியை மட்டும் அப்படியே வைத்திருக்கும் ஆளாக நீங்கள் இருந்தால் அந்தப் 10 வருடக் கணக்கு நியாயமானதுதான். ஆனால் வாரண்டி அட்டை எங்கே செல்லுபடியாகும் என்பதையும் பாருங்கள். கொழும்பு யூனிட்டி பிளாசாவில் எடுத்தால் விலை குறைவு, இரவு பஸ்ஸில் போட்டுவிடுவார்கள், விடிய பரந்தன் சந்தியில் நின்று வாங்கலாம். பழுதானால் அதே பெட்டி அதே பஸ்ஸில் திரும்பிப் போக வேண்டும், போய் வரும் வரை கொம்பியூட்டர் இல்லை. ஆவணி முகூர்த்தங்களில் இரண்டு கிழமை கொம்பியூட்டர் இல்லாமல் இருந்தால் எனக்குப் போகும் காசு அந்த விலை வித்தியாசத்தைப்போல் பல மடங்கு. கிளிநொச்சியில் கடைக்கார அண்ணையிடம் கொஞ்சம் கூடக் கொடுத்து எடுத்தால், கையில் இருக்கும் இன்னொன்றைத் தற்காலிகமாகத் தந்துவிட்டுப் பழுதானதை அவரே அனுப்புவார். எழுத்தில் இல்லை, வாய்ப்பேச்சுத்தான், ஆனால் அந்த அண்ணையிடம் அது நடக்கும் என்பது எனக்குத் தெரியும்.

சூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் கடைக்கு மேலே தகரம், சித்திரையில் உள்ளே 36, 37 பாகை, கேசிங்குக்குள் அதற்கும் மேலே. கப்பாசிட்டரில் 85 பாகை வகையும் 105 பாகை வகையும் இருக்கிறது, பத்துப் பாகை சூடு கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது பொதுவான கணக்கு, ஆகவே 105 போட்டதையே தேடுங்கள். பெட்டியில் எழுதிய வாட் எத்தனை பாகை வரை செல்லும் என்பதையும் சில கம்பனிகள் போடும், 40 அல்லது 50 என்று இருந்தால் சரி, 25, 30 என்று இருந்தால் அது குளிர் நாட்டுக் கணக்கு. ஒன்றும் போடாவிட்டால் போடாததற்கும் காரணம் இருக்கும். பிறகு பல்லி. சிரிக்க வேண்டாம். சூடாக இருக்கும் இடம் தேடிப் பின்பக்க ஓட்டை வழியே உள்ளே போய், இரண்டு காலை இரண்டு இடத்தில் வைத்துத் தானும் செத்துப் பெட்டியையும் சாகடித்த பல்லியை என் கண்ணால் பார்த்திருக்கிறேன், வாரண்டியில் பல்லிக்கு இடமில்லை. பின்பக்க ஓட்டைகளில் பழைய நுளம்பு வலைத் துண்டு ஒன்றை ஒட்டி, மாதம் ஒருக்கா புழுதி தட்டினால் போதும்.

இதற்கெல்லாம் யூபிஎஸ், அதுதான் கரண்ட் போனால் பற்றரியில் ஓட்டும் பெட்டி, ஒன்று வைத்தால் சரிதானே என்று கேட்பீர்கள். வைக்கத்தான் வேண்டும், ஆனால் அது நல்ல பவர் சப்ளைக்கு மாற்று இல்லை. 2022 பங்குனி முடிவில் ஒரு நாளில் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அப்படிப்பட்ட வெட்டுக்கு எந்தச் சின்ன யூபிஎஸ்ஸும் நிற்காது. 2025 பெப்ரவரி 9 பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு தொட்டு நாடே இருண்ட மாதிரியான நாளுக்கும் நிற்காது. அதன் வேலை, வேலையைச் சேமித்து ஒழுங்காக அணைக்க ஐந்து நிமிடம் தருவது. கடைகளில் அதிகம் கிடைக்கும் 650 விஏ யூபிஎஸ்ஸின் உண்மையான வாட் 360 அளவில்தான் இருக்கும், விஏயை வாட் என்று நினைத்து ஏமாற வேண்டாம். கரண்ட் போனதும் அது பற்றரிக்கு மாற 4இலிருந்து 10 மில்லி செக்கன் வரை எடுக்கும், அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியது பவர் சப்ளையின் கப்பாசிட்டர்தான், அதனால்தான் மலிவுப் பெட்டி யூபிஎஸ் இருந்தும் ரீஸ்டார்ட் ஆகிறது. நல்ல பெட்டியிலும் ஒரு வில்லங்கம் உண்டு: மலிவு யூபிஎஸ் தருவது வழுவழுப்பான அலை இல்லை, படிப்படியாக வெட்டிய அலை, சில ஆக்டிவ் பிஎஃப்சி பெட்டிகளுக்கு அது ஒத்துவராமல் மாறிய உடனேயே அணைந்துவிடும். நான் கொம்பியூட்டரையே மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய், கடையில் யூபிஎஸ்ஸோடு பூட்டி, ரெண்டர் ஓடும்போது பிளக்கை இழுத்துப் பார்த்துத்தான் வாங்கினேன். அண்ணை ஒரு மாதிரிப் பார்த்தார், ஆனால் முதலில் எடுத்த யூபிஎஸ் அந்தச் சோதனையில் விழுந்தது, இரண்டாவதுதான் நின்றது. வோல்ட்டை உயர்த்தித் தாழ்த்தும் ஏவிஆர் உள்ளதாகப் பார்த்து எடுங்கள், 178 வரும் பின்னேரத்தில் அது பாதிச் சுமையைத் தாங்கும்.

எர்த் பற்றி யாரும் பேசுவதில்லை. கேசிங்கின் இரும்பில் கை பட்டால் சுள் என்கிறதா? அது பெட்டியின் பழுது இல்லை. பவர் சப்ளையின் வாசலில் இருக்கும் சின்ன வடிகட்டிக் கப்பாசிட்டர்கள் எர்த்துக்குத் தள்ள வேண்டிய கசிவு, எர்த் இல்லாததால் கேசிங்கிலேயே நிற்கிறது, டெஸ்டர் வைத்தால் எரியும். மூன்று பின் பிளக்கை இரண்டு பின்னாக்கும் கொன்வேட்டரைப் போட்டால் எர்த் அங்கேயே அறுந்துவிடும். எர்த் கம்பி இருந்தாலும் ஆடி ஆவணியில் நிலம் பாளமாக வெடித்துக் கிடக்கும்போது அது பேருக்குத்தான் எர்த், வயரிங் செய்யும் சித்தப்பா என்னைக் கம்பிக்குப் பக்கத்தில் கிழமைக்கு இரண்டு வாளி தண்ணீர் ஊற்றச் சொன்னார், ஊற்றினேன், சுள் நின்றது. ஐப்பசி இடிக்கு இதுவும் போதாது, வானம் கறுத்தால் பிளக்கைக் கழற்றுவதுதான், ரவுட்டருக்கு வரும் வயரையும் சேர்த்து.

நான் எடுத்தது 550 வாட் பிரோன்ஸ், 5 வருட வாரண்டி, 100–240 இன்புட், 105 பாகை, கிளிநொச்சிக் கடையில். 750 கோல்டுக்கும் இதற்கும் இருந்த விலை வித்தியாசத்தில் யூபிஎஸ்ஸும், புது எர்த் கம்பியும், சித்தப்பாவின் கூலியும் அடங்கிவிட்டன, அவர் கூலி வேண்டாம் என்றார், கட்டாயப்படுத்தித்தான் கொடுத்தேன். 3060 வந்தாலும் இது தாங்கும். 4K வீடியோவுக்கு இன்னும் பெரிய கார்ட் எடுக்கும் எண்ணம் இருப்பவர்களும், ட்ரான்ஸ்போமருக்குக் கிட்ட நல்ல கரண்டில் இருப்பவர்களும் கோல்டுக்குப் போனால் நான் மறுத்துப் பேச மாட்டேன்.

பழைய பெட்டியை ஒன்றரை மாதம் கரண்ட் படாமல் மூலையில் போட்டுவிட்டு, அதற்குப் பிறகு திறந்தேன். கப்பாசிட்டர் ஒன்றின் தலை பலூன் மாதிரி வீங்கியிருந்தது. வாட் கணக்கில் பொய் சொன்னாலும் அதன் ஃபேன் நல்ல ஃபேன், இப்போது ரவுட்டரின் 12 வோல்ட் அடப்டரில் ஒரு கிளை எடுத்துப் பூட்டி ரவுட்டருக்குக் காற்று அடிக்க வைத்திருக்கிறேன். மில் மோட்டர் எடுக்கும்போது அதுவும் ஒருக்கா சோம்பும், பிறகு சுற்றும்.